பச்சைப் பெயின்ற்றும் பழைய சுவரும்

எங்கள் ஊர்க் கோயிலொன்றில் கும்பாபிஷேகத்துக்கு முன், உட்சுவரில் இருந்த பழைய ஓவியங்களின் மேல் எனாமல் பெயின்ற் அடித்தார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. சுவர் பளபளக்க வேண்டும் என்பதே விருப்பம். ஓவியப் பாதுகாப்பு பற்றி நான் தேடி வாசிக்கத் தொடங்கியது அந்த ஆற்றாமையில்தான்.

வாசிப்பு முதலில் கொண்டுபோய் விட்ட இடம் சிகிரியா. 1967 ஒக்டோபரில் அங்குள்ள ஓவியங்களின் மீது விஷமிகள் பச்சைப் பெயின்ற்றைப் பூசினார்கள். அதை அகற்ற உரோமிலிருந்து லூசியானோ மரான்சி என்ற நிபுணர் வந்தார். பெயின்ற்றைக் கரைக்க இரசாயனங்கள் உண்டு. ஆனால் அதே திரவம் அடியிலுள்ள ஐந்தாம் நூற்றாண்டு நிறத்தையும் கரைத்துவிட்டால்? அதனால்தான் துப்புரவு செய்பவர், எது எதனால் ஆனது என்பதை முதலில் அறிய வேண்டியிருக்கிறது.

சிகிரியாவில் களிமண்ணோடு உமியும் நாரும் கலந்த பூச்சு, அதன்மேல் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு, அதன்மேல் நிறங்கள். செங்காவியும் மஞ்சட்காவியும் இரும்பு கலந்த மண். அந்த இரும்பு ஏற்கெனவே துருவாகிவிட்டது என்பதால் வெயிலும் காற்றும் அதை இலகுவில் மாற்றுவதில்லை. இன்று நாம் வாங்கும் எத்தனையோ சாயங்கள் சில வருட வெயிலிலேயே வெளிறிவிடுகின்றன! நிறத்தை விட, அதைச் சுவரோடு பிடித்து வைத்திருக்கும் பசைதான் பலவீனமானது. கரைப்பான் முதலில் தாக்குவதும் அதைத்தான். ஆகவே ஓரத்தில் விரல்நகமளவு இடத்தில், பஞ்சால் தொட்டுப் பார்த்தே வேலை தொடங்கும்.

எங்கள் கோயில் சுவரின் பிரச்சினை வேறு. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், பின் வெளிவிடும். எனாமல் அந்த வழியை அடைக்கிறது. மாரியில் நிலத்திலிருந்து ஏறும் ஈரம் உப்பையும் கொண்டு வரும். அந்த உப்பு படலத்துக்குப் பின்னால் படிகமாகிப் பருத்து, எனாமலோடு சேர்த்துப் பழைய ஓவியத்தையும் தள்ளி உரிக்கும். சீமெந்துப் பூச்சு செய்வதும் ஏறக்குறைய இதுவேதான்.

போன மாதம் போய்ப் பார்த்தேன். கீழ் மூலையில் எனாமல் கொப்பளித்திருந்தது. உரிந்த செதிலின் பின்பக்கத்தில் செங்காவி ஒட்டியிருந்தது. திருப்பணிச் சபைத் தலைவரிடம் காட்டினேன். "சுரண்டிப்போட்டு இன்னொரு பூச்சு அடிப்பம் தம்பி" என்றார். சுரண்ட வேண்டாம், ஒரு நிபுணர் வந்து பார்க்கும் வரையாவது பொறுங்கள் ஐயா என்று கேட்டிருக்கிறேன்.