வழியில் யானை, ரோட்டில் மண்சரிவு... லீவு லெட்டரில் என்ன எழுதுவது? நீலகிரி மாணவர்களின் 75 சதவீதக் கணக்கு!

காலை ஏழு மணி. பந்தலூர் பக்கம் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் பிள்ளைகள் யூனிஃபார்ம் போட்டுத் தயாராக நிற்பார்கள். ஆனால், பஸ் நிற்கும் ரோட்டுக்குப் போகும் வழியில் யானைக்கூட்டம் நிற்கிறது என்று தகவல் வரும். யானை நகர்ந்தால்தான் நடக்க முடியும். அதற்குள் பஸ் போய்விடும். அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் பள்ளிக்குப் போவதற்குள் காலை வகுப்புகள் முடிந்திருக்கும். 'இன்னைக்கு வேண்டாம், வீட்லயே இரு' என்று அம்மா சொல்லிவிடுவார்.

நீலகிரியில், குறிப்பாகக் கூடலூர், பந்தலூர் பகுதிகளில் இது புதிய கதை அல்ல. ஆனால், அன்றைக்கு வருகைப் பதிவேட்டில் விழுவது 'ஆப்சென்ட்' மட்டும்தான். யானை அதில் ஏறாது!

52 நாள்தான் கையில்!

பொதுத்தேர்வு எழுத 75 சதவீத வருகை என்பதே பொதுவான அளவுகோல். ஒரு கல்வியாண்டில் 210 வேலை நாள்கள் என்று வைத்துக்கொண்டால், 158 நாள்கள் வந்திருக்க வேண்டும். மீதி 52 நாள்கள். கேட்க நிறையத்தான் தெரியும். ஆனால் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மழையில் வாரத்துக்கு ஒரு நாள் விட்டாலே 12, 13 நாள்கள் போய்விடும். அதோடு காய்ச்சல், ஊர்த் திருவிழா, உறவினர் கல்யாணம் எல்லாம் சேர்ந்தால் கணக்கு வேகமாகக் கரையும்.

எது லீவு, எது ஆப்சென்ட்?

கனமழைக்கு மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவித்தால் கவலை இல்லை. அது யாருக்கும் ஆப்சென்ட் ஆகாது. ஹெத்தையம்மன் பண்டிகை, ஓணம் போன்றவற்றுக்கு உள்ளூர் விடுமுறை விட்டாலும் அப்படித்தான். ஆனால், அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாளாகும். பலரும் அந்தச் சனிக்கிழமையை மறந்துவிட்டு, தேவையில்லாமல் ஒரு நாளை இழக்கிறார்கள்.

சிக்கல் வேறு இடத்தில். தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், குந்தா, ஊட்டி பக்கம் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ-க்கும் மேல் மழை பெய்தது. வடகிழக்குப் பருவமழையில் குன்னூர், கோத்தகிரிக்கு ஆபத்து. 2009 நவம்பர் மண்சரிவுகளை அந்தப் பக்கத்து மக்கள் இன்னும் மறக்கவில்லை. அதனால் விடுமுறை பெரும்பாலும் தாலுகா வாரியாகவே வரும். தாலுகாவுக்கு விடுமுறை இல்லை, ஆனால் உங்கள் எஸ்டேட் ரோட்டில் மட்டும் மரம் விழுந்திருக்கிறது என்றால்..? நியாயமான காரணம்தான். ஆனால், எழுதிக் கொடுத்தால்தான் அது காரணம்.

எந்தக் காரணம் செல்லும்?

சி.பி.எஸ்.இ இதைத் தெளிவாகவே சொல்கிறது. நீண்ட நாள் நோய், தாய் அல்லது தந்தையின் மரணம், அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டுப் போட்டிகள் போன்றவற்றுக்கு, உரிய ஆவணம் இருந்தால் 75 சதவீதத்தில் சலுகை கேட்கலாம். ஸ்டேட் போர்டு பள்ளிகளில் முதலில் பேச வேண்டியவர்கள் வகுப்பாசிரியரும் தலைமை ஆசிரியரும்தான்.

எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு காரணமும் மலையில் உண்டு. கொழுந்து அதிகம் வரும் நாள்களில் அம்மா வேலைக்குப் போக, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒன்பதாம் வகுப்பு அக்கா வீட்டில் நின்றுவிடுவாள். 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 1951-ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. காப்பகம் ஒழுங்காக நடந்தால் அக்கா பள்ளியில் இருப்பாள். சிறு தோட்டங்களில் அந்த வசதியும் கிடையாது.

ஏன் இவ்வளவு கவலை?

2023 மார்ச்சில் பிளஸ் டூ தமிழ்த் தேர்வுக்கு மாநிலம் முழுக்க 50,000-க்கும் மேற்பட்டோர் வராதது பெரிய விவாதமானது. படிப்பை விடும் பிள்ளை ஒரே நாளில் விடுவதில்லை. வாரத்தில் ஒரு நாள், பிறகு இரண்டு நாள், பிறகு போகவே கூச்சம் என்றுதான் அது நடக்கும்.

பெற்றோர் செய்ய வேண்டியவை

* வர முடியாத அன்றே வகுப்பாசிரியருக்கு போனில் சொல்லுங்கள். மறுநாள் லீவு லெட்டர் கொடுங்கள்.

* 'உடம்பு சரியில்லை' என்று பொய் எழுத வேண்டாம். யானை, மண்சரிவு, பஸ் வரவில்லை... உள்ளதை எழுதுங்கள். ஒரே வழியில் பல பிள்ளைகள் இப்படி எழுதும்போது, பஸ்ஸோ வேனோ கேட்க அதுவே ஆதாரம்.

* மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் என்றால் டாக்டர் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

* மாதம் ஒருமுறை வருகை சதவீதம் எவ்வளவு என்று கேளுங்கள். பிப்ரவரியில் கேட்டால் காலம் கடந்திருக்கும்.

யானை எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. லீவு லெட்டர் எழுத ஐந்து நிமிடம் போதும்!