படகுக்கு எந்த கேமரா? வாங்குறதுக்கு முன்னாடி போட வேண்டிய சில கணக்குகள்

காருக்கு ரிவர்ஸ் கேமரா இருக்கு, பஸ்ஸுக்கும் வந்தாச்சு. ஒரு மீன்பிடி விசைப்படகுக்கு வச்சா என்ன? கேட்க சிம்பிளா இருக்கும். ஆனா ஷாப்பிங் ஆப்பைத் திறந்து "வாட்டர்ப்ரூஃப்"னு போட்டிருக்கிற ஏதோ ஒண்ணை ஆர்டர் பண்ணினா, அது ரெண்டு மாசத்துல துருப்பிடிச்சுக் கிடக்க வாய்ப்பு அதிகம். என் வகுப்புத் தோழன் ஒருத்தனோட அப்பா நாகப்பட்டினத்துல விசைப்படகு வச்சிருக்கார். அவருக்காக நாங்க உட்கார்ந்து போட்ட கணக்குகள்தான் இந்தக் கட்டுரை.

எதுக்கு கேமரா?

ரெண்டு வேலைக்கு. ஒண்ணு, படகைத் துறைமுகத்துல அணைக்கிறப்போ பார்க்க. கேபின்ல நிற்கிற டிரைவருக்கு அணியத்துக்குக் கீழேயும் பின்பக்கத்துலயும் இருக்கிற தண்ணி தெரியாது. முன்னாடி நிற்கிறவர் கத்திச் சொல்றதை வச்சுத்தான் கியர் போடுறார். காசிமேடு மாதிரி நெரிசலான இடத்துல படகோட படகு உரசி நிற்கும். படகுக்கு பிரேக் கிடையாது, ரிவர்ஸ் கியர் மட்டும்தான். ரெண்டு படகுக்கு நடுவுல ஒருத்தர் கை மாட்டினா என்ன ஆகும்னு சொல்லவே வேண்டாம்.

ரெண்டாவது, பாதுகாப்பு. கிழக்குக் கடற்கரையில வருஷா வருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்கள்ல படகு சும்மா கட்டிக் கிடக்கும். பேட்டரி, டீசல், ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர் எல்லாம் உள்ளேயே இருக்கும்.

இந்த ரெண்டு வேலைக்கும் ஒரே கேமரா சரிப்படாது. ஏன்னு பார்க்கலாம்.

அணைக்கிறதுக்கு: லேட்டன்சிதான் முக்கியம்

மெகாபிக்சலை மறந்துடுங்க. படம் எவ்வளவு தாமதமா வருதுங்கிறதைப் பாருங்க. 1 நாட் வேகம்னா மணிக்கு 1.852 கி.மீ. படகு 2 நாட் வேகத்துல ஊர்ந்து வந்தாலே ஒரு செகண்டுக்கு சுமார் 1 மீட்டர் நகரும். வைஃபை கேமரா படத்தை மொபைல் ஆப்ல பார்த்தா அரை செகண்ட் முதல் ரெண்டு செகண்ட் வரை தாமதம் சகஜம். அப்போ டிரைவர் ஸ்க்ரீன்ல பார்க்கிறது, படகு அரை மீட்டர் முதல் ரெண்டு மீட்டர் வரை பின்னாடி இருந்தப்போ எடுத்த படம்! அதனால இந்த வேலைக்கு வயர் போட்ட ஏஎச்டி அனலாக் கேமராதான் நல்லது. லாரி, பஸ்ஸுக்கு விக்கிற வகை. தாமதம் கண்ணுக்குத் தெரியாது, அதிர்வைத் தாங்கும், கனெக்டர் திருகி மூடுற மாதிரி இருக்கும்.

அந்த வகையில ரெண்டு விஷயத்தை செக் பண்ணணும். முதலாவது, ரிவர்ஸ் கேமரா படம் கண்ணாடி மாதிரி இடம் வலம் மாறி வரும். பின்பக்கத்துக்கு அது சரி. அணியத்துல வைக்கிற கேமராவுக்கு அதை மாத்தியே ஆகணும். இல்லேன்னா இடப்பக்கம் தெரியிற படகு நிஜத்துல வலப்பக்கம் இருக்கும். இரண்டாவது, ஸ்க்ரீன்ல வர்ற பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகள் காரோட உயரத்துக்குப் போட்டவை. படகுல அதை நம்பக்கூடாது, ஆஃப் பண்ணிடுங்க. பதிலா, படத்தோட கீழ்ப்பகுதியில நம்ம படகோட விளிம்பு தெரியிற மாதிரி கேமராவைச் சாய்ச்சு வைங்க. அகலக் கோண லென்ஸ்ல எல்லாமே நிஜத்தைவிடத் தூரமாத் தெரியும். விளிம்பு கண்ணுல பட்டாத்தான் இடைவெளி புரியும்.

பாதுகாப்புக்கு: பிக்சல் கணக்கு

இங்கே தாமதம் பிரச்சினை இல்லை, முகம் தெரியணும். ஐஇசி 62676-4 தரநிலையோட 2014 பதிப்புப்படி, முன்பின் தெரியாத ஒருத்தரை அடையாளம் காண மீட்டருக்கு 250 பிக்சல் வேணும். தெரிஞ்ச ஆளா இல்லையான்னு சொல்ல 125. ஆள் இருக்கார்னு மட்டும் தெரிஞ்சா போதும்னா 25.

கேமரா 1080பி, அதாவது 1920 பிக்சல் அகலம். 1920-ஐ 250-ஆல் வகுத்தா 7.68 மீட்டர். 90 டிகிரி லென்ஸ் அந்த அகலத்தைப் பார்க்கிற தூரம் 3.84 மீட்டர்தான். அதுக்கு அப்பால இருக்கிற முகத்தை வச்சு ஆளை உறுதியா அடையாளம் சொல்ல முடியாது. அதனால "மொத்தப் படகும் தெரியணும்"னு உயரத்துல ஒரு கேமரா வைக்கிறதைவிட, கேபின் கதவைப் பார்த்து ஒண்ணு, இன்ஜின் ரூம் மூடியைப் பார்த்து ஒண்ணு வைக்கிறது புத்திசாலித்தனம்.

இன்னொரு சிக்கல்: மோஷன் டிடெக்‌ஷன். வீட்டுச் சுவர் அசையாது. கட்டிப்போட்ட படகு ராத்திரி முழுக்க ஆடும், படத்துல எல்லாமே நகரும். போன்ல நூறு அலர்ட் வந்தா நூத்தி ஒண்ணாவதை யாரும் பார்க்க மாட்டாங்க. மனித உருவத்தைத் தனியா கண்டுபிடிக்கிற வசதி உள்ளதா வாங்கணும். அதைவிட எளிய வழி, கதவுல ஒரு சின்ன காந்த சென்சார்.

ஐபி67 போதுமா?

ஐபி எண்ணுல முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணிக்கு. 67-ன்னா 1 மீட்டர் ஆழத்துல 30 நிமிஷம் தாங்கும். 69-ன்னா அதிக அழுத்தத்துல பீய்ச்சுற சுடுதண்ணியைத் தாங்கும். ஆனா 69 வாங்கினா 67 தானா அடங்கிடாது, ரெண்டும் வேற வேற சோதனை. முக்கியமா, இதெல்லாம் நல்ல தண்ணியில செய்யிற சோதனை. உப்பைப் பத்தி இந்த எண் எதுவுமே சொல்லாது. அதுக்கு "சால்ட் ஸ்ப்ரே" சோதனை தனியா செஞ்சிருக்கான்னு கேட்கணும்.

பிராக்கெட், ஸ்க்ரூ எல்லாம் 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா இருக்கட்டும். அதுல மாலிப்டினம் இருக்கிறதால 304-ஐவிட உப்பைத் தாங்கும். அலுமினியம் பாடியில ஸ்டீல் ஸ்க்ரூவை நேரா முடுக்கினா, உப்புத் தண்ணி நடுவுல வந்து ரெண்டும் ஒரு பேட்டரி மாதிரி வேலை செய்யும், அலுமினியம் அரிச்சுப் போகும். நடுவுல நைலான் வாஷர் போடுங்க.

இருட்டும் வெளிச்சமும்

கேமராவோட இன்ஃப்ராரெட் விளக்கு பக்கத்துல இருக்கிற வெள்ளைக் கைப்பிடியில பட்டா, படம் முழுக்க வெளுத்துடும். லென்ஸ் முன்னாடி எதுவும் இல்லாம வைக்கணும். வெள்ளை எல்இடி போட்டு ராத்திரியில கலர் படம் தர்ற மாடல்களைக் கடல்ல போகும்போது எரிய விடாதீங்க. 1972 சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகள்ல 20-ஆவது விதி, வழிகாட்டு விளக்குகளைக் குழப்புற, கண்காணிப்பைக் கெடுக்கிற மற்ற விளக்குகளைத் தடுக்குது.

கரன்ட் எங்கிருந்து?

ஒரு கேமராவுக்கு 5 வாட்னு வைப்போம். நாலு கேமரா 20 வாட். 12 வோல்ட்டுல ஒரு நாளைக்கு 40 ஆம்பியர் ஹவர். 100 ஆம்பியர் ஹவர் லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிதான் இறக்கலாம்னா, ஒண்ணேகால் நாள்ல முடிஞ்சது. 61 நாள் எப்படி? அதனால கட்டிக் கிடக்கும்போது ஒரே ஒரு கேமரா, கூட ஒரு சோலார் பேனல். அதுவும் ஸ்டார்ட்டர் பேட்டரியில கை வைக்காம, தனி பேட்டரியில.

இன்ஜின் ஸ்டார்ட் ஆகும்போது வோல்டேஜ் சட்டுனு இறங்கும், ஆல்டர்னேட்டர் ஓடும்போது ஏறும். அதனால 10 முதல் 32 வோல்ட் வரை தாங்குற கேமராவா பாருங்க. பேட்டரி பக்கத்துலேயே ஃப்யூஸ் போடுங்க. வயரைத் திசைகாட்டி பக்கம் கொண்டு போக வேண்டியிருந்தா ரெண்டு வயரையும் முறுக்கிக் கொண்டு போங்க, காந்தப்புலம் பெருமளவு ரத்தாகிடும். காந்த மவுண்டைத் திசைகாட்டி கிட்ட வைக்கவே கூடாது.

எதை முதல்ல வாங்கலாம்?

பணம் ஒரு கேமராவுக்குத்தான் இருக்குன்னா, பின்பக்கத்துக்கு ஒரு ஏஎச்டி கேமராவும் ஒரு ஸ்க்ரீனும் வாங்குங்க. அடுத்தது கேபின் கதவு. அப்புறம் அணியம். ஒவ்வொரு தடவை கரைக்கு வந்ததும் நல்ல தண்ணியில துணியை நனைச்சு லென்ஸைத் துடைக்கணும். உப்புப் படிஞ்ச லென்ஸ் எத்தனை மெகாபிக்சலா இருந்தாலும் குருடுதான். கேமரா வந்தாச்சுன்னு அணியத்துல நிற்கிற ஆளை மட்டும் எடுத்துடாதீங்க. கயிறு வழுக்கி யாராவது கத்தினா, ஸ்க்ரீனுக்குக் காது கிடையாது.