கண்ணைக் காக்கும் கண்ணாடி எப்படிச் சோதிக்கப்படுகிறது?

வேகமாகத் தெறித்து வரும் துண்டுகள் கண்ணில் படாமல் தடுப்பதற்கென்றே செய்யப்படுவது பாதுகாப்புக் கண்ணாடி. கிரைண்டரிலிருந்து பறக்கும் இரும்புத் துகள், உளியின் தலையிலிருந்து உடையும் சில்லு, புல்வெட்டும் இயந்திரம் வாரியடிக்கும் கல் எல்லாமே இமை மூடுவதற்குள் கண்ணை வந்தடைந்துவிடும். பார்வைக்காக அணியும் சாதாரண மூக்குக்கண்ணாடியால் இவற்றைத் தாங்க முடியாது. அதன் ஃபிரேமும் மோதலைத் தாங்கும்படி செய்யப்பட்டதல்ல. அடி பட்டதும் லென்ஸ் பின்பக்கமாகக் கழன்று, அதுவே கண்ணில் குத்தக்கூடும்.

இன்றைய பாதுகாப்புக் கண்ணாடிகளில் பெரும்பாலானவை பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. 1953இல் ஜெர்மனியில் பேயர் நிறுவனத்தின் ஹெர்மன் ஷ்னெல், அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் டேனியல் ஃபாக்ஸ் ஆகிய இருவரும் தனித்தனியாக இதை உருவாக்கினார்கள். கண்ணாடி என்ற பொருள் கடினமானது, ஆனால் மோதலில் விரிசல் விட்டுச் சிதறிவிடும். பாலிகார்பனேட் அடியை வாங்கிச் சற்றே வளைந்து கொடுக்கிறது. வந்த ஆற்றல் அந்த வளைவிலேயே பெருமளவு செலவாகிவிடுவதால் லென்ஸ் உடைவதில்லை. புற ஊதாக் கதிர்களையும் இது தடுக்கும். எளிதில் கீறல் விழுவது இதன் குறை. அதனால் மேலே கடினமான பூச்சு ஒன்று பூசப்படுகிறது. அசிட்டோன், தின்னர் போன்ற கரைப்பான்கள் பட்டால் பாலிகார்பனேட் பலமிழக்கும்.

லென்ஸ் உறுதியானதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது என்பதால்தான் சோதனைகள் தேவைப்படுகின்றன. அமெரிக்காவின் ஆன்சி இசட்87.1 தரம் உயர் மோதல் வகைக்கு இரண்டு முக்கியச் சோதனைகளை வைத்திருக்கிறது. செயற்கைத் தலை ஒன்றுக்குக் கண்ணாடியை அணிவித்து, 500 கிராம் எடையுள்ள கூர்முனைக் குண்டை 127 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து லென்ஸ் மேல் விழவிடுவது முதலாவது. 6.35 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டைச் சுடுவது இரண்டாவது. காதில் மாட்டும் கண்ணாடிக்கு இதன் வேகம் நொடிக்கு 45.7 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 165 கிலோமீட்டர். கண்ணை முழுதாக மூடும் காகிள்ஸுக்கு நொடிக்கு 76.2 மீட்டர்.

ஐரோப்பாவின் இஎன் 166 தரத்தில் 0.86 கிராம் எடையுள்ள எஃகுக் குண்டு பயன்படுகிறது. நொடிக்கு 45 மீட்டர் வேகத்தைத் தாங்கினால் எஃப், 120 மீட்டரைத் தாங்கினால் பி, 190 மீட்டரைத் தாங்கினால் ஏ என்று முத்திரை கிடைக்கும். முகம் முழுவதையும் மறைக்கும் கவசத்துக்கு மட்டுமே ஏ முத்திரை உண்டு. வேகம் இரட்டித்தால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். அந்தக் கணக்கில் பி வகைக் கண்ணாடி, எஃப் வகையைப்போல ஏழு மடங்கு ஆற்றலைத் தாங்கியாக வேண்டும்.

லென்ஸ் உடையாமல் இருந்தால் மட்டும் தேர்ச்சி இல்லை. அது அளவுக்கு மீறி உள்வளைந்தாலும் கண்ணைத் தொட்டுவிடும். இதைக் கண்டறிய ஐரோப்பிய முறையில் செயற்கைத் தலையின் கண் பகுதியில் வெள்ளைத் தாளையும் அதன்மேல் கார்பன் தாளையும் வைக்கிறார்கள். மோதலுக்குப் பின் வெள்ளைத் தாளில் கறை படிந்திருந்தால் அந்தக் கண்ணாடி தோற்றது. லென்ஸ் ஃபிரேமிலிருந்து கழன்றாலும், பின்பக்கமிருந்து சில்லு தெறித்தாலும் தோல்விதான்.

தேர்ச்சி பெற்ற கண்ணாடியில் தர முத்திரை பொறிக்கப்பட்டிருக்கும். அமெரிக்கத் தரத்தில் இசட்87 என்பது அடிப்படை மோதலையும், அதனுடன் கூட்டல் குறி சேர்ந்திருந்தால் உயர் மோதலையும் குறிக்கும். இந்தியாவில் கண் பாதுகாப்புச் சாதனங்களுக்கு ஐஎஸ் 5983 என்ற தரம் உண்டு. லென்ஸில் முத்திரை இருந்து ஃபிரேமில் இல்லையென்றால் அந்தப் பாதுகாப்பு முழுமையானதல்ல.

இந்தச் சோதனைகளுக்கும் எல்லை உண்டு. மோதலைத் தாங்கும் நிறமற்ற லென்ஸ், வெல்டிங் ஒளியைத் தடுக்காது; அதற்குத் தனிக் கருப்புக் கண்ணாடி வேண்டும். ரசாயனத் துளிகளுக்கு, முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் காகிள்ஸ் வேண்டும். ஆழமாகக் கீறல் விழுந்த கண்ணாடியையும், ஒருமுறை பலத்த அடி வாங்கிய கண்ணாடியையும் மாற்றிவிடுவதே சரி. பட்டறை நடத்துவோர் முத்திரை பார்த்து வாங்கிக் கொடுக்க வேண்டும்; வேலை செய்வோர் இயந்திரத்தை ஓட விடுவதற்கு முன்பே அதை அணிந்துகொள்ள வேண்டும்.