விதியை மாற்றும் விளையாட்டு

சதுரங்கம் ஆடுபவன் குதிரையை நேர்கோட்டிற் செலுத்துவானாயின் அவனோடு ஆட எவரும் இசையார். உதைபந்தாட்டக்காரன் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினால் நடுவர் ஊதுகுழலை ஊதுவார். விதி முந்தியது, ஆட்டம் பிந்தியது என்பது பள்ளிப் பருவத்திலேயே நாம் கற்றுக்கொண்ட பாடம். இப்பாடத்தைத் தலைகீழாக்கிய விளையாட்டொன்று 1974 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் அச்சேறியது. ‘டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்பது அதன் பெயர். ‘நிலவறைகளும் பறவை நாகங்களும்’ எனத் தமிழிற் கூறலாம். விஸ்கொன்சின் மாநிலத்திலே லேக் ஜெனீவா என்னும் சிற்றூரில் வாழ்ந்த கரி கைகாக்ஸ், மினசோட்டாவைச் சேர்ந்த டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரின் படைப்பு அது. மூன்று சிறு நூல்களை ஒரு பெட்டியில் அடக்கி, முதலில் ஆயிரம் பெட்டிகளே வெளியிட்டனர்.

பலகையும் காயும் இன்றியே ஆடக்கூடிய ஆட்டம் இது. ஒருவர் நடுவராக அமர்வார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பர். ஒருவர் போர்வீரர், இன்னொருவர் மந்திரவாதி, மற்றொருவர் சமயகுரு. எதிரே இருப்பது யாதென நடுவர் வாயால் விவரிப்பார். “பாழடைந்த கோட்டையின் கீழே படிக்கட்டு ஒன்று இறங்குகிறது. அடியிலிருந்து புகை நாற்றம் வருகிறது. என்ன செய்யப் போகிறீர்கள்?” என்பார். இறங்குவதோ, வாயிலிலே காத்திருப்பதோ, ஊருக்குத் திரும்பி நாலு பேரிடம் விசாரிப்பதோ ஆடுவோரின் விருப்பம். நினைத்த காரியம் கைகூடுமா என்பது ஐயமாயின் பகடை உருளும். வென்றவர் தோற்றவர் என்று முடிவதில்லை. இன்று விட்ட இடத்தில் அடுத்த வாரம் தொடங்கும். ஆண்டுக் கணக்கில் நீண்ட ஆட்டங்களும் உண்டு. நாடகம் என்றால் பார்வையாளர் இல்லை. கதை என்றால் ஆசிரியர் இல்லை. இலக்கியத்தில் ஈடுபாடுடையோர் இதனைச் சற்று நின்று நோக்குவதற்கு அதுவே போதிய காரணம்.

நடுவருக்கு இத்துணை அதிகாரம் எங்கிருந்து வந்தது? விடையைப் பிரஷ்யப் படைமுகாமிலே தேட வேண்டும். அங்கே 1824 இல் றைஸ்விட்ஸ் என்னும் இளம் படையதிகாரி, அட்டவணைகளும் பகடைகளும் கொண்ட போர்ப் பயிற்சி விளையாட்டொன்றை வகுத்தார். நாளடைவில் அட்டவணைகளின் சுமை தாங்கவியலாததாயிற்று. 1876 இல் வேர்டி டு வேர்னுவா என்னும் பிரஷ்யத் தளபதி அவற்றை ஒதுக்கிவிட்டு, அநுபவம் வாய்ந்த நடுவரின் தீர்ப்பே போதும் என்றார். எழுதிய விதியா, இருந்து பார்ப்பவரின் நியாயமா என்னும் வழக்கு அன்று தொடங்கியது. அதே மரபில் ரொட்டன் என்னும் அமெரிக்க அதிகாரி 1880 இல் எழுதிய கைந்நூல், ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகளின் பின் மினசோட்டாவிலே டேவிட் வெஸ்லி என்னும் இளைஞரின் கைக்கு எட்டியது.

வெஸ்லி 1969 இல் நெப்போலியன் காலத்துக் கற்பனை நகரொன்றை வைத்து ஓர் ஆட்டம் நடத்தினார். படைத் தலைவர்களோடு நகரபிதா, வங்கியாளர், பல்கலைக்கழகத் தலைவர் முதலிய பாத்திரங்களையும் நண்பர்களுக்குப் பகிர்ந்தார். அவர்களோ படை நகர்த்துவதை மறந்து, மூலைக்கு மூலை ஒதுங்கி, இரகசியம் பேசிச் சதி செய்யத் தலைப்பட்டனர். ஒழுங்கு குலைந்தது, ஆட்டம் தோல்வி என்றே வெஸ்லி எண்ணினார். ஆடியவர்கள் மீண்டும் எப்போது என்று கேட்டார்கள்!

அவ்வாறு ஆடியவர்களுள் ஒருவரே ஆர்னெசன். அவர் ‘பிளாக்மூர்’ என்னும் மாயநாட்டைப் படைத்து, அதன் கோட்டைக்கு அடியில் நிலவறைகளை அமைத்தார். பழைய போர் விளையாட்டில் ஓர் அடி பட்டால் பொம்மை வீரன் மாண்டான். அவனுக்காக வருந்துவார் இல்லை. ஆனால் தாமே பெயரிட்டு, வாரந்தோறும் வளர்த்த பாத்திரம் ஒரே உருட்டலில் மடிந்தபோது ஆடுவோர் பொறுக்கவில்லை. ஒரு கப்பல் எத்தனை குண்டடியைத் தாங்கும் என்று கணக்கிடும் முறை, கடற்போர் விளையாட்டொன்றின் வாயிலாக ஆர்னெசனுக்குப் பழக்கமாயிருந்தது. அக்கணக்கை மனிதருக்குப் பொருத்தியதாக அவரே பிற்காலத்திற் கூறியுள்ளார். இன்று கணினி விளையாட்டுக்களில் நம் பிள்ளைகள் காணும் உயிர்ப்புள்ளிக் கணக்கு இவ்வழியே பரவியது. ஒரு பாத்திரத்தின்மீது கொண்ட பாசம் ஒரு விதியைப் பிறப்பித்தது என்பதே நாம் மனங்கொள்ளத்தக்கது.

1974 இன் நூல்கள் குறைபாடு மலிந்தவை. காட்டுப் பயணத்துக்கு வேறொரு நிறுவனத்தின் விளையாட்டுப் பலகையை வாங்கிப் பயன்படுத்துமாறு அவையே பரிந்துரைத்தன! ஆனால் அந்தக் குறையே வரமாயிற்று. ஊருக்கு ஊர் ஆடுவோர் தம் மதிக்கேற்ப இடைவெளிகளை நிரப்பினர். லொஸ் ஏஞ்சலிசில் லீ கோல்ட் என்னும் பெண்மணி 1975 இல் தொடங்கிய சஞ்சிகையிலே பலரும் தத்தம் புதுவிதிகளை எழுதி, ஒருவரையொருவர் திருத்தினர். நம் மாணவர் கையெழுத்துச் சஞ்சிகை நடத்திய உற்சாகத்துக்கு அது நெருங்கியது.

விதியை மாற்றுவது எளிது. மாற்றத்தோடு வேறென்ன மாறுகிறது என்பதை உணர்வதே அரிது. ஒரு பாத்திரத்தின் வலிமையையும் அறிவையும் முடிவுசெய்ய ஆறுமுகப் பகடை மூன்றை உருட்டிக் கூட்டுவது பழைய முறை. மூன்றும் விழத்தக்க வகைகள் 216. பதினெட்டு என்னும் தொகை அவற்றுள் ஒன்றில் மாத்திரமே கிட்டும். பத்து 27 வகைகளிற் கிட்டும். ஆகவே அவ்வுலகில் மனிதர் பெரும்பாலும் நடுத்தரமானவர், மேதை அபூர்வம். நடுவர் ஒருவர் சோம்பலினால் மூன்றுக்குப் பதில் இருபது முகப் பகடை ஒன்றை உருட்டச் சொன்னால் என்னாகும்? எல்லா எண்களுக்கும் நூற்றுக்கு ஐந்து வாய்ப்பு. மேதையும் பேதையும் நடுத்தர மனிதனும் சம தொகையில் நடமாடும் விசித்திர உலகம் பிறந்துவிடும்.

இன்னும் ஆழமானது பொன்னைப் பற்றிய விதி. பழைய ஆட்டத்தில் நிலவறையிலிருந்து வெளியே கொணர்ந்த ஒவ்வொரு பொற்காசுக்கும் ஓர் அநுபவப் புள்ளி கிடைத்தது. 1981 இன் தொடக்க நூலின்படி ‘ஓர்க்’ எனும் அரக்கன் ஒருவனை வென்றால் பத்துப் புள்ளியே. நூறு காசுள்ள பையொன்றை மீட்டாலோ நூறு புள்ளி. எனவே கெட்டிக்காரர் சண்டையை விலக்கினர். அரக்கனை ஏமாற்றினர், அவனோடு பேரம் பேசினர், அவன் உறங்கும்வரை காத்திருந்தனர். 1989 இன் இரண்டாம் பதிப்பு அவ்விதியை விரும்பினாற் கொள்ளலாம் என்று ஒதுக்கியது. புள்ளி வேண்டுமாயின் போர் வேண்டும் என்ற நிலை மேலோங்கவே, அதே நிலவறையில் அதே பாத்திரங்கள் வாளை உருவிக்கொண்டு இறங்கலாயின. எவரும் அவர்களுக்குக் கொலைவெறியைப் போதிக்கவில்லை. கணக்கு மாறியது, அவ்வளவே. பரீட்சைப் புள்ளித் திட்டத்தை மாற்றிப் பார்த்த ஆசிரியர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது.

ஆகவே விதி மாற்றத்தை நடுவர் ஆட்டத்துக்கு முன்னரே அவையில் வைத்து, ஆடுவோரின் இசைவைப் பெற வேண்டும் என்பேன். இதன் மறுபக்கமாக ஒரு வழக்கம் உண்டு. நடுவர் தம் முன்னே அட்டைத் தட்டியொன்றை நிறுத்தி, அதன் மறைவிற் பகடை உருட்டுவார். விழுந்த எண் பிடிக்காவிட்டால் வேறொன்றைச் சொல்லிவிடுவார். 1979 இன் நடுவர் கைந்நூலிற் கைகாக்ஸ் கூட, சிலவேளை பகடையைப் புறக்கணிக்கலாம் என இடமளித்தார். சகுனி தன் தரப்பின் வெற்றிக்காகப் பொய்யாடினான், இவரோ ஆடுவோர் நலத்துக்காக ஆடுகிறார் என்று வாதிக்கலாம். எனக்கு உடன்பாடில்லை. ஆபத்து பொய்யென்று ஒருமுறை தெரிந்தபின் தப்பிப் பிழைத்ததில் என்ன பெருமை? நடுவர் முன்கூட்டியே கதையின் முடிவை எழுதி வைத்துவிடுவதாலேயே பெரும்பாலும் இந்நிலை நேர்கிறது. ஊர்க் கிணறு வற்றியிருக்கிறது, மலையில் அரக்கன் ஒருவன் அணை கட்டியிருக்கிறான், ஊர்த்தலைவனுக்கு அவனோடு இரகசிய உறவு என்று நிலைமையை மாத்திரம் அமைத்து நிறுத்திக்கொள்பவர், பகடை எப்படி விழுந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை.

கற்பனையை வாசகரே செய்துகொள்ளலாம் என்னும் பொருள்பட 1974 இல் நூலை முடித்த கைகாக்ஸ், ஐந்தே ஆண்டுகளில், விதியை மாற்றி ஆடுவோர் தம் ஆட்டத்தையே ஆடவில்லை என்று எழுதும் நிலைக்கு வந்தார். போட்டிகளுக்கு ஒரே அளவுகோல் தேவைப்பட்டது உண்மை. வியாபாரம் பெருகியிருந்ததும் உண்மை. உரிமைப்பணம் குறித்து 1979 இல் ஆர்னெசன் வழக்குத் தொடுத்தார். 1981 இல் அது நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்கப்பட்டது. 1997 இல் விளையாட்டு ‘விசார்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட்’ நிறுவனத்துக்குக் கைமாறியது. அடிப்படை விதிகளைப் பிறரும் பயன்படுத்தலாம் என்று 2000 ஆம் ஆண்டில் அந்நிறுவனம் அளித்த அனுமதிப்பத்திரத்தை 2023 சனவரியில் இறுக்க முற்பட்டபோது, ஆடுவோர் பெருந்திரளாக எதிர்த்தனர். அம்மாத இறுதியிலேயே நிறுவனம் பின்வாங்கியதோடு, அவ்விதிகளைத் திரும்பப் பெறவியலாத பொது உரிமத்தின்கீழ் வெளியிட்டும் விட்டது. கைகாக்ஸ் 2008 இலும் ஆர்னெசன் 2009 இலும் காலமாகியிருந்தனர். மூலத்தைக் குறிப்பிடும் நிபந்தனைக்கு அமைந்தால், அவ்விதிகளைத் தமிழிற் பெயர்க்கவும் வேண்டியவாறு மாற்றவும் இப்போது எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.