உங்களுக்குத் தெரியுமா? கார்டு தேய்த்தால் கடைக்காரருக்குக் கிடைப்பது எவ்வளவு?

மண்ணூர்பேட்டையில் ஒரு ஹார்டுவேர் கடை என்று வைத்துக்கொள்வோம். குழாய், வால்வு எல்லாம் சேர்த்து 5,000 ரூபாய் பில். வாடிக்கையாளர் கிரெடிட் கார்டை நீட்டுகிறார். இதற்காகக் கடைக்காரரிடம் வங்கி பிடிக்கும் கட்டணம் 2 சதவீதம் என்றால் 100 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. கடைக்காரர் கணக்கில் ஏறுவது 4,882 ரூபாய்தான். நூற்றுக்கு நாலைந்து ரூபாய் லாபத்தில் ஓடும் கடைக்கு இது பலத்த அடி.

டெபிட் கார்டுக்கான இந்தக் கட்டணத்துக்கு ரிசர்வ் வங்கி 2018 ஜனவரி 1 முதல் உச்சவரம்பு வைத்தது: ஆண்டு விற்பனை 20 லட்சம் வரை உள்ள கடைகளுக்கு ஸ்வைப் மெஷினில் 0.40 சதவீதம், ஒரு பரிவர்த்தனைக்கு 200 ரூபாய்க்கு மேல் போகாது. 2020 ஜனவரி முதல் ரூபே டெபிட் கார்டுக்கும் யு.பி.ஐ.க்கும் கட்டணமே கிடையாது. கிரெடிட் கார்டுக்கு மட்டும் அப்படியொரு வரம்பு வரவில்லை. சிறு வியாபாரிக்கு அதுதான் முதலில் வேண்டும்.

கார்டு கட்டணம் அதிகம் என்ற இதே குறைக்காக அமெரிக்க வியாபாரிகள் 2005-இல் விசா, மாஸ்டர்கார்டு மீது கூட்டாக வழக்குப் போட்டார்கள். சுமார் 550 கோடி டாலர் சமரசத்தை மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது 2023 மார்ச்சில். பதினெட்டு வருடம் ஆனது. 2004 முதல் 2019 ஜனவரி வரை அந்தக் கார்டுகளை ஏற்றுக்கொண்ட சிறு கடைகளும் அதில் பங்கு கேட்க 2025 பிப்ரவரி வரை வாய்ப்பு இருந்தது.