வாய்த்தாளத்துக்கு எந்த மைக்?

வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்யக் கிளம்புகிறவருக்குக் கடையிலும் யூடியூபிலும் கிடைக்கும் முதல் யோசனை, ‘நல்ல கண்டென்சர் மைக் ஒன்று வாங்குங்கள்’ என்பதுதான். பாடுகிறவருக்கு அது சரி. வாயாலேயே டிரம் ஒலி எழுப்பும் பீட்பாக்ஸ் பழகுகிறவருக்கு நான் டைனமிக் மைக்கைத்தான் சொல்வேன், விலை குறைவு என்பதற்காக மட்டுமல்ல. உதட்டை இறுக்கி ‘ப்’ என்று வெடிக்கும் கிக் டிரம் ஒலியை ஒரு முழம் தள்ளி நின்று கேட்டுப் பாருங்கள். உதட்டுச் சத்தம்தான் வரும். நெஞ்சில் இடிக்கும் கனம் வராது. அந்தக் கனத்தைத் தருவது மைக். கார்டியாய்டு வகை மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடித்தால், தாழ்ந்த அதிர்வெண்கள் மட்டும் தனியாகப் பெருகும். ‘ப்ராக்ஸிமிட்டி எஃபெக்ட்’ என்கிறார்கள். பாடகர் பலர் இதைத் தவிர்க்கப் பார்ப்பார்கள். பீட்பாக்ஸருக்கோ பிழைப்பே இதில்தான். கண்டென்சரை இப்படி ஒட்டிப் பிடித்தால் அதன் மெல்லிய சவ்வில் காற்று மோதி ஒலி உடையும். எச்சில் ஈரமும் அதற்கு ஆகாது. பாப் ஃபில்டர் வைத்தால் காற்று நிற்கும், ஆனால் வாய் நாலு விரற்கடை தள்ளிப்போகும். கனமும் கூடவே போய்விடும். 1966-ல் வந்த ஷ்யூர் எஸ்எம்58 என்ற டைனமிக் மைக் இன்றும் பீட்பாக்ஸர்களின் கையில் இருப்பதற்கு, இப்படி ஒட்டிப் பிடிக்க முடிவது முக்கியக் காரணம்.

‘டைனமிக் மைக்கின் சிக்னல் பலவீனமானது, கெயினை ஏற்றினால் இரைச்சல் வருமே’ என்பார்கள். மெல்லிய குரலில் கதை படிப்பவருக்கு அது நியாயமான கவலை. உதட்டிலிருந்து நேரே மைக்கில் வெடிக்கும் ஒலிக்குக் கெயினை அவ்வளவு ஏற்றவே வேண்டியதில்லை. கெயின் குறைவதால் மின்விசிறிச் சத்தமும், வெற்றுச் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியும் அடங்கிவிடும். ‘ட்ஸ்’ என்னும் ஹைஹாட்டின் நுட்பம் போய்விடாதா? எஸ்எம்58 எட்டுவது 15,000 ஹெர்ட்ஸ் வரைதான். அதற்கு மேலுள்ள பளபளப்பில் கண்டென்சர்தான் ஜெயிக்கும். ஆனால் அந்த ஒலியை அடையாளம் காட்டும் பகுதி பெரும்பாலும் அந்த எல்லைக்குள்ளேயே இருக்கிறது.

தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோலை இதே கணக்கில் சேர்க்க முடியாது. தகதிமி, தகஜுணு என்று சொல்லும்போது வேண்டியது சொற்கட்டின் தெளிவு. அடிக்கனம் அதைக் குழப்பவே செய்யும். அறை அமைதியாக இருந்து, ஒரு சாண் தள்ளி உட்கார்ந்து சொல்கிறவர் தாராளமாகக் கண்டென்சர் வாங்கலாம். அதற்கு 48 வோல்ட் மின்சாரம் தரும் ஆடியோ இன்டர்ஃபேஸ் வேண்டும். டைனமிக்குக்கு அந்த மின்சாரம் தேவையில்லை.

இரண்டு கலைக்கும் பொதுவான சிக்கல், உங்கள் ஒலி ஹெட்போனில் உங்களுக்கே வந்து சேரும் தாமதம். ஒரு வரிசையைப் பதிந்து அதன்மேல் அடுத்ததை அடுக்கும்போது, மென்பொருளில் பஃபர் 1,024 சாம்பிள் என்று இருந்தால், நொடிக்கு 44,100 சாம்பிள் வேகத்தில் அது மட்டுமே சுமார் 23 மில்லிசெகண்ட். உள்ளே போய்த் திரும்புவதற்குள் இன்னும் கூடும். பாட்டில் எப்படியோ சமாளிக்கலாம், தாளத்தில் பல் இளித்துவிடும். பஃபரை 128-க்கு இறக்குங்கள். அல்லது உங்கள் ஒலியைக் கணினிக்குள் சுற்றவிடாமல் நேராக ஹெட்போனுக்கு அனுப்பும் ‘டைரக்ட் மானிட்டர்’ உள்ள இன்டர்ஃபேஸாகப் பார்த்து வாங்குங்கள். மைக்கில் நூறு இருநூறு மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள்.