விளையும் பயிர் – 9: மாட்ரிட்டுக்கு வெளியே

சென்ற வாரம் ஃபிரெடி அடுவைப் பார்த்தோம். 2004 ஏப்ரலில், 14 வயதில், டி.சி. யுனைடெட் அணிக்காக அமெரிக்காவின் எம்.எல்.எஸ். லீக்கில் இறங்கியவர், அடுத்த பெலே என்று பேசப்பட்டவர், பிறகு கிளப் மாற்றி கிளப் என்று அலைந்தே ஆட்டக் காலத்தைக் கழித்தவர். பத்து ஆண்டு கழித்து, 2014 ஏப்ரலில், நார்வேயின் ஸ்ட்ரோம்ஸ்கொட்செட் அணிச் சட்டையோடு மார்ட்டின் ஓடெகார்ட் முதன்முறை மைதானத்துக்குள் வந்தபோது அவருக்கு 15 வயது நிறைந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. அந்நாட்டின் முதல்நிலை லீக்கில் அவ்வளவு சிறு வயதில் அதுவரை யாரும் ஆடியதில்லை. ஆகஸ்டில் ஐக்கிய அரபு அமீரகத்துக்கு எதிராகத் தேசிய அணியில் ஆடினார். அக்டோபரில் பல்கேரியாவுக்கு எதிராக இறங்கி, யூரோ கோப்பைத் தகுதிச் சுற்றில் ஆடிய மிக இளையவர் என்ற பெயரையும் பெற்றார். அடுவின் கதை தெரிந்தவர்களுக்கு இந்த வேகமே கலக்கத்தைத் தந்திருக்கும். ஆனால் இவர் தேறினார். திறமையும் பொறுமையும் காரணம் என்பார்கள். திறமை அடுவிடமும் இருந்தது. கால்பந்து உலகம் சறுக்கல் என்று கணக்கெழுதிய லோன் ஆண்டுகள்தாம், அதாவது சொந்த கிளப் தற்காலிகமாக வேறு கிளப்புகளுக்கு ஆட அனுப்பிய ஆண்டுகள்தாம், ஓடெகார்டை ஆட்டக்காரர் ஆக்கின என்பது என் வாதம்.

முதலில் மாட்ரிட் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். 18 வயதுக்கு உட்பட்டவர்களை நாடுவிட்டு நாடு வாங்க ஃபிஃபா விதி பொதுவாக இடம் தருவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்துக்கும் உள்ளே மட்டும் 16 வயதிலிருந்து சில நிபந்தனைகளோடு அனுமதி உண்டு. நார்வே ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் அந்த வட்டாரத்தில் இருக்கிறது. ஆகவே 1998 டிசம்பர் 17 அன்று பிறந்த ஓடெகார்டின் பதினாறாவது பிறந்தநாளுக்காகப் பல பெரிய கிளப்புகள் காத்திருந்தன. அவரும் அவற்றில் பலவற்றுக்குப் போய்ப் பயிற்சி செய்து பார்த்தார். பிறந்தநாள் கழிந்து ஐந்து வாரத்தில், 2015 ஜனவரி 22 அன்று, ரியல் மாட்ரிட் அவரை அறிமுகப்படுத்தியது. முன்னாள் ஆட்டக்காரரும் பயிற்சியாளருமான தந்தை ஹான்ஸ் எரிக்குக்கும் கிளப்பின் இளையோர் பிரிவில் வேலை கிடைத்தது. அன்றைய முதல் அணிப் பயிற்சியாளர் கார்லோ ஆன்செலோட்டி பின்னர் தன் நூலில், அது கிளப் தலைவர் எடுத்த முடிவு, விளம்பர நோக்கம் கொண்டது என்ற பொருளில் எழுதினார். ஒரு பையனின் எதிர்காலம் சம்பந்தப்பட்ட காரியத்தில் இப்படியொரு வாக்குமூலத்தைப் படிக்கும்போது மனம் கனக்கிறது.

மாட்ரிட்டில் நேர்ந்தது இதுதான். வாரம் முழுக்க முதல் அணியோடு பயிற்சி. வார இறுதியில் மூன்றாம் நிலை லீக்கில் காஸ்டியா என்னும் இரண்டாம் அணிக்காக ஆட்டம். அதன் பயிற்சியாளர் ஜினதின் ஜிதான். யாரோடு ஆடுகிறாரோ அவர்களோடு பயிற்சி இல்லை. யாரோடு பயிற்சி செய்கிறாரோ அவர்களோடு ஆட்டம் இல்லை. இரண்டு அணியிலும் தான் வெளியாளாகவே இருந்ததைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். 2015 மே 23 அன்று கெட்டாஃபேக்கு எதிராக, ரொனால்டோவுக்குப் பதிலாக இறக்கப்பட்டு, ரியல் மாட்ரிட்டுக்காக ஆடிய மிக இளையவர் ஆனார். அதற்குப் பிறகு அந்த அணியில் அவருடைய அடுத்த லா லிகா ஆட்டம் 2020இல்தான் வந்தது. இதில் தனிமனிதர் யாரையும் குறை சொல்ல முடியாது. மோட்ரிச்சும் குரோஸும் இஸ்கோவும் நடுக்களத்தில் இருந்த அணி அது. 2016, 2017, 2018 என மூன்று ஆண்டு தொடர்ந்து சாம்பியன்ஸ் லீக்கை வென்ற அணி. கற்றுக்கொள்கிறவன் தவறு செய்துதான் கற்பான். அந்தத் தவறுகளுக்கு விலை கொடுக்க அப்படிப்பட்ட அணிக்கு வழியில்லை.

2017 ஜனவரியில் நெதர்லாந்தின் ஹீரன்வீன் கிளப்புக்கு லோனில் போனார். பத்திரிகைகள் இதை வீழ்ச்சி என்றே பார்த்தன. முதல் ஒன்றரை ஆண்டில் கோல் கணக்கும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை என்பது உண்மை. ஆனால் வாராவாரம் களத்தில் இருந்தார். அதுவரை மாட்ரிட்டில் கிடைக்காதது அது. அவர் ஆடும் இடத்தின் தன்மையை இங்கே கவனிக்க வேண்டும். எதிரணியின் நடுக்கள வரிசைக்கும் தடுப்பு வரிசைக்கும் இடையே உள்ள இடுக்கில் நின்று, பந்து வருமுன்பே தலையைத் திருப்பித் திருப்பிச் சுற்றிலும் பார்த்துவைத்து, வந்த கணத்தில் முடிவெடுக்க வேண்டிய வேலை. தலையைத் திருப்பிப் பார்க்கும் பழக்கத்தைத் தந்தை சிறுவயதிலேயே ஊட்டியிருந்தார். காலில் நயமும் இருந்தது. எப்போது திரும்பலாம், எப்போது ஒரே தொடுதலில் தட்டிவிட வேண்டும், பின்னால் வருகிறவன் எவ்வளவு வேகத்தில் வந்து மோதுவான் என்பதெல்லாம் பயிற்சித் திடலில் முழுதாகப் பிடிபடாது. பயிற்சியில் பந்தை இழந்தால் விசில் ஊதி மறுபடி தொடங்குவார்கள். லீக் ஆட்டத்தில் இழந்தால் கோல் விழும், மூன்று புள்ளி போகும், மறுநாள் ஊரே பேசும். அந்த விலை இருந்தால்தான் முடிவெடுக்கும் திறன் கூர்மையாகிறது. 2018–19இல் விட்டெஸ் அணிக்கு மாறினார். 31 லீக் ஆட்டங்களில் 8 கோல். அடுத்த ஆண்டு ஸ்பெயினிலேயே ரியல் சோசியெடாட். 2019 செப்டம்பரில் லா லிகாவின் மாதச் சிறந்த வீரர் விருது கிடைத்தது. 2020 பிப்ரவரி 6 அன்று கோபா டெல் ரே காலிறுதியில், தன்னைச் சொந்தமாக வைத்திருந்த ரியல் மாட்ரிட்டின் மைதானத்திலேயே அவர் முதல் கோலை அடிக்க, சோசியெடாட் 4–3 என்று வென்றது. ஒவ்வோர் ஆண்டும் படி சற்றே உயர்ந்தது, ஆனால் கால் எட்டாத உயரத்துக்குப் போகவில்லை. பிடுங்கி நட்ட நாற்று முதலில் வெளிறித்தான் நிற்கும். வேர் பிடித்த பிறகே பச்சை கட்டும். ஹீரன்வீனின் வெளிறிய மாதங்களை மட்டும் பார்த்தவர்கள் பயிர் போச்சு என்றார்கள்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பிழைத்துவந்த ஒருவரை வைத்து வாதாடுகிறீர்கள், லோனில் போய்க் காணாமல் போனவர்கள் எத்தனையோ பேர் என்பார்கள். அது சரி. செல்சீ போன்ற கிளப்புகள் ஒரே நேரத்தில் டஜன் கணக்கில் இளைஞர்களை லோனுக்கு அனுப்பிவைத்த காலம் இருந்தது. அவர்களில் பலர் போய்ச் சேர்ந்த இடம் இதே விட்டெஸ்தான். முதல் அணிக் கதவு பெரும்பாலோருக்குத் திறக்கவே இல்லை. இந்தச் சரக்குக் கிடங்கு முறையைக் கட்டுப்படுத்தத்தான் 2022இலிருந்து ஃபிஃபா சர்வதேச லோன்களுக்கு எண்ணிக்கை வரம்பு விதித்தது. ஆகவே லோன் என்ற ஏற்பாட்டுக்கு மந்திர சக்தி எதுவும் இருப்பதாக நான் சொல்லவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு ஊர், ஊருக்கு ஒரு இடத்தில் ஆட்டம், பெஞ்சில் பாதிக் காலம் என்று போனால் அது அடுவின் கதையில்தான் முடியும். ஓடெகார்டுக்கு ஹீரன்வீனில் ஒன்றரை ஆண்டு கிடைத்தது. விட்டெஸிலும் சோசியெடாடிலும் முழுப் பருவங்கள் கிடைத்தன. முக்கியமான பொறுப்போடு தொடர்ந்து ஆடினார். ஆராய வேண்டியது அந்த வேறுபாட்டைத்தான்.

லாமின் யமால் எங்கும் லோனில் போகவில்லையே என்று இன்னொரு கேள்வி வரும். 2023 ஏப்ரலில், 15 வயதில், பார்சிலோனாவின் முதல் அணியில் ஆடினார்; 2024இல் ஸ்பெயினோடு யூரோ கோப்பையை வென்றார். ஆனால் அவர் ஏழு வயதிலிருந்து அதே கிளப்பின் லா மாசியா பள்ளியில் வளர்ந்தவர். சொந்த மொழி, சொந்த வட்டாரம், சிறுவயதிலிருந்து பழகிய ஆட்டமுறை. பணநெருக்கடியில் இருந்த கிளப்புக்கும் சொந்தப் பிள்ளைகள் தேவைப்பட்டார்கள். எனவே நிமிடங்கள் கிடைத்தன. இந்த உதாரணம் என் வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது. வயது சிறிது என்பதால் மட்டும் யாரும் கெடுவதில்லை. ஓடெகார்டின் 2014ஆம் ஆண்டே சாட்சி: சொந்த ஊர் டிராம்மனில், தந்தை ஆடிய அதே அணியில், 15 வயதுப் பையன் 23 லீக் ஆட்டங்களில் 5 கோல் அடித்தான். ஆட்டம் நின்றுபோனது அதற்குப் பிறகுதான்.

மாட்ரிட்டின் பயிற்சி வீண் என்று சொல்லவும் நான் தயாரில்லை. உலகின் முதல்தர நடுக்கள ஆட்டக்காரர்களோடு தினமும் பந்தாடிய பையன் எதையும் கற்காமல் இருந்திருக்க முடியாது. கற்றதை இறக்கிவைக்கக் களம் இல்லை என்பதே குறை. 2020 கோடையில் இது மறுபடி நடந்தது. சோசியெடாடில் இரண்டாவது ஆண்டும் இருப்பார் என்று எதிர்பார்க்கப்பட்டவரை மாட்ரிட் ஓராண்டிலேயே திரும்ப அழைத்துக்கொண்டது. இப்போது முதல் அணிப் பயிற்சியாளராக இருந்தவரும் ஜிதான்தான். அரைப் பருவத்தில் கிடைத்தவை 7 லீக் ஆட்டங்கள். அவர் இல்லாத சோசியெடாட், பெருந்தொற்றால் தள்ளிப்போன அந்தக் கோபா இறுதியாட்டத்தை 2021 ஏப்ரலில் ஆடி, அத்லெடிக் பில்பாவோவை வென்று கோப்பையைத் தூக்கியது. அதற்கு முன்பே, ஜனவரியில், 22 வயது ஓடெகார்ட் ஆட இடம் தேடி ஆர்சனலுக்கு இன்னொரு லோனில் போய்விட்டார். ஆகஸ்டில் ஆர்சனல் அவரைச் சுமார் 3 கோடி பவுண்டுக்கு வாங்கியது. அடுத்த ஆண்டு கேப்டன் ஆக்கியது. 2022–23 பிரீமியர் லீக்கில் 15 கோல் அடித்தார். மாட்ரிட்டுக்குச் சொந்தமாக இருந்த ஆறரை ஆண்டில், அந்த வெள்ளைச் சட்டையில் அவர் ஆடிய லா லிகா ஆட்டங்கள் மொத்தம் 8.

(தொடரும்)